டிரமடாலைக் குறைத்தால் கால் குடைச்சல், தூக்கமின்மை, பேதி: எந்த வேகத்தில் இறங்குவது? (கேட்பவர் பெயர் வாசற்படி; மாத்திரைக்கணக்கு, நடுச்சாமம் போன்றவை பதில் எழுதியவர்களின் புனைபெயர்கள்)

வாசற்படி:

முதுகெலும்பு அறுவைக்குப் பிறகு எழுதிக் கொடுத்த டிரமடால் என்ற வலி மருந்து 14 மாதமாக ஓடுகிறது. 50 மி.கி. கேப்ஸ்யூல், வேளைக்கு 2, நாளைக்கு மூன்று வேளை. ஆக 300 மி.கி. சாப்பிடுவது என் அண்ணன், வயது 46. வலி முக்கால்வாசி போய்விட்டது, மருந்துதான் போக மாட்டேன் என்கிறது. ஒரு வேளை தள்ளிப்போனாலே கொட்டாவியும் மூக்கு ஒழுகலும் வந்துவிடுகிறது. ஒருமுறை மொத்தமாக நிறுத்தியதில் 2ஆம் நாள் வியர்வை, மயிர்க்கூச்சு, பேதி, ராத்திரி முழுக்கக் கால் குடைச்சல். கூடவே தோலுக்கு அடியில் கரண்ட் ஓடுவது மாதிரி ஓர் உணர்வு, காரணமே இல்லாத பயம். 3ஆம் நாள் திரும்ப எடுத்துவிட்டார்.

டாக்டரிடம் போகப் போகிறோம். அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை: எத்தனை நாளில் அடங்கும்? எவ்வளவு எவ்வளவாகக் குறைப்பது? கால் குடைச்சலுக்கும் தூக்கத்துக்கும் என்ன செய்யலாம்? அந்தக் கரண்ட் உணர்வு இதில் சேர்ந்ததா, வேறு வியாதியா?

மாத்திரைக்கணக்கு:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் டிரமடாலைப் பற்றிப் பலருக்குத் தெரியாத விஷயம் அதில்தான் இருக்கிறது. டிரமடால் பாதி ஓபியாய்டு (அபின் வகை வலி மருந்து), பாதி மனச்சோர்வு மாத்திரை மாதிரி. ஓபியாய்டு ஏற்பியில், அதாவது அந்த வகை மருந்து போய் ஒட்டும் இடத்தில், உட்காருவதோடு, மூளையில் செய்தி கடத்தும் ரசாயனங்களான செரட்டோனினும் நார்அட்ரினலினும் திரும்ப உறிஞ்சப்படுவதையும் தடுக்கிறது. அதனால் நிறுத்தும்போது இரண்டு விலகல்கள் (பழகிய மருந்து குறையும்போது உடம்பு படும் பாடு) ஒன்றாக வரும். கொட்டாவி, பேதி, மயிர்க்கூச்சு எல்லாம் ஓபியாய்டு பக்கம். கரண்ட் ஓடுவது, பீதி, குழப்பம், சிலருக்கு இல்லாதது தெரிவது எல்லாம் மற்ற பக்கம். பதிவான டிரமடால் விலகல்களில் ஏறத்தாழ எட்டில் ஒன்று இப்படித்தான் இருக்கிறது. டாக்டரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள். வெறும் "உடம்பு வலி, பேதி" என்று சொன்னால் பாதிதான் சொன்ன மாதிரி.

நாள் கணக்கு: சாதா டிரமடால் கேப்ஸ்யூலை நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்தில் ஆரம்பிக்கும், 2ஆம் 3ஆம் நாள் உச்சம், அப்புறம் ஒரு வாரம் பத்து நாளில் உடம்பு அடங்கும். தூக்கமும் மனசும் சீராக இன்னும் சில வாரம் பிடிக்கும். அண்ணன் 3ஆம் நாள் திரும்ப எடுத்தது சரியாக உச்சத்தில். அதை மனவுறுதிக் குறைவு என்று வீட்டில் யாரும் சொல்லிவிடாதீர்கள். 300 மி.கி.யிலிருந்து சைபருக்குக் குதித்தால் யாருக்கும் இதுதான் நடக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2019 ஏப்ரலில் இப்படித் திடீரென்று நிறுத்துவதைப் பற்றித் தனியாகவே எச்சரிக்கை வெளியிட்டது. கடும் விலகல், கட்டுக்கடங்காத வலி, தற்கொலை எண்ணம் மூன்றும் அதில் இருந்தன.

எவ்வளவு குறைப்பது? ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு மாதத்துக்கு 10 சதவீதம் அல்லது அதைவிட மெதுவாக என்பது 2022இல் வந்த சிடிசி (அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம்) வழிகாட்டுதல். சில மாதம் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு வாரத்துக்கு 10 சதவீதம் என்று வேகமாகப் போவதுண்டு. இங்கே 14 மாதம், ஆகவே முதல் கணக்கு.

இப்போது கைக்கு வரும் சிக்கல்: 300இல் 10 சதவீதம் என்றால் 30 மி.கி. கையில் இருப்பது 50 மி.கி. கேப்ஸ்யூல். கேப்ஸ்யூலைத் திறந்து தூளைக் கண்ணளவில் பாதியாக்குவது வேண்டாம். ஒரு நாள் 20 போகும், ஒரு நாள் 30 போகும், எந்த அளவில் உடம்பு தாங்கியது என்றே தெரியாது. நடுவில் கோடு போட்ட 50 மி.கி. சாதா மாத்திரையாக மாற்றி எழுதித் தரச் சொல்லுங்கள், பாதி 25 மி.கி. ஆகும். 300லிருந்து 275 என்பது 8 சதவீதம் சொச்சம், நல்ல தொடக்கம். எஸ்ஆர், எக்ஸ்ஆர் என்று போட்ட நீண்ட நேர மாத்திரையை மட்டும் உடைக்கவே கூடாது. நாள் முழுக்கக் கசிய வேண்டிய மருந்து மொத்தமாக ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

மதிய வேளையில் முதலில் கை வையுங்கள். காலையும் படுக்கப் போகும் நேரமும் கடைசி வரை இருக்கட்டும். வேளைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை ஆரம்பத்தில் மாற்றாதீர்கள். நேரம் தவறினால் தினமும் ஒரு குட்டி விலகல் வரும், அளவைக் குறைத்ததால் வந்ததா, நேரம் தப்பியதால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

ஒரு படி இறங்கியதும் முதல் 3 நாளிலிருந்து ஒரு வாரம் கொஞ்சம் சிரமம் இருக்கும். அது அடங்கி, குறைந்தது ஒரு வாரமாவது நிம்மதியாக இருந்த பிறகுதான் அடுத்த படி. அடங்கவில்லையா, அதே படியில் நில்லுங்கள். நிற்பதில் தப்பில்லை. ஏறி ஏறி இறங்குவதுதான் ஆளைச் சோர வைக்கும்.

நடுச்சாமம்:

வேகத்தைப் பற்றி மேலே வந்துவிட்டது. ராத்திரியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானோர் திரும்ப மாத்திரையைத் தேடுவது நடுராத்திரி 2 மணிக்குத்தான்.

கால் குடைச்சல். முதல் தப்பு, தூக்கத்துக்கென்று மருந்துக்கடையில் டைபென்ஹைட்ரமின் வாங்கிப் போடுவது. மயக்கம் தரும் அலர்ஜி மாத்திரைகள் பலவும் கால் குடைச்சலைக் கூட்டும். தூக்கம் கண்ணில் இருக்கும், கால் மட்டும் உதைத்துக்கொண்டே இருக்கும், அந்த நிலை மருந்து போடாததைவிட மோசம். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடும் இதே வேலையைச் செய்யும். டாக்டர் வாந்தி மருந்து எழுதும்போது "காலும் குடைகிறது" என்று ஒரு வார்த்தை சொன்னால் ஒன்டான்செட்ரான் போல வேறு எழுத வாய்ப்புண்டு. அதோடு ரத்தத்தில் ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) பார்க்கச் சொல்லுங்கள். 75க்குக் கீழே இருந்தால் இரும்புச் சத்து குறைவே குடைச்சலுக்குப் பாதிக் காரணமாக இருக்கலாம், அதற்குத் தனி வைத்தியம் உண்டு.

கைவைத்தியம்: படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வெந்நீர்க் குளியல். கையைச் சுவரில் ஊன்றி, குதிகால் தரையில் படும்படி கெண்டைக்காலை 30 விநாடி நீட்டுவது, ஒவ்வொரு காலுக்கும் நாலைந்து தடவை. மதியத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம். 20 நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் படுக்கையில் புரளாமல் எழுந்து நடந்துவிட்டு வந்து படுப்பது. இதெல்லாம் குடைச்சலை நிறுத்திவிடும் என்று சொல்லவில்லை. நாலு மணி நேர வேதனையை இரண்டாக்கும், ஒரு படி இறங்கும் வாரத்தில் அதுவே பெரிய விஷயம்.

வியர்வை, படபடப்பு, குளிர் நடுக்கம். இத்தனை நாள் ஓபியாய்டு அமுக்கி வைத்திருந்த நார்அட்ரினலின் ஒரேயடியாகப் பொங்குவதுதான் இது. அதனால்தான் டாக்டர்கள் குளோனிடின் தருகிறார்கள், சில நாடுகளில் லோஃபெக்ஸிடின். குளோனிடின் பிரஷர் மாத்திரை. ஒவ்வொரு வேளைக்கு முன்னும் பிபி பார்க்க வேண்டும். மேல் அளவு 90க்குக் கீழே இருந்தாலோ நாடி 50க்குக் கீழே இருந்தாலோ அந்த வேளையைப் போடாமல் டாக்டரைக் கேட்க வேண்டும். படுக்கையிலிருந்து சடாரென்று எழக் கூடாது. குளோனிடின் போட்ட கையோடு கொதிக்கக் கொதிக்கக் குளித்தால் குளியலறையிலேயே விழ நேரும். மேலே சொன்ன வெந்நீர்க் குளியலை மாத்திரைக்கு முன் முடித்துவிடுங்கள். பல நாள் போட்ட பிறகு குளோனிடினையும் பட்டென்று நிறுத்தக் கூடாது, பிபி எகிறும். இன்னொன்று, இது வியர்வைக்கும் படபடப்புக்கும் கேட்கும் அளவுக்கு உடம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் கேட்காது. "மருந்து வேலை செய்யவில்லை" என்று அளவைக் கூட்டிக்கொள்ளாதீர்கள்.

பேதி. முதலில் வீட்டு மருந்துப் பெட்டியைப் பாருங்கள். ஓபியாய்டு சாப்பிடுபவர்கள் மலச்சிக்கலுக்கு என்று ஒரு பேதி மருந்தும் வழக்கமாகச் சாப்பிடுவார்கள். டிரமடாலைக் குறைத்த பிறகும் அது பழைய அளவிலேயே போய்க்கொண்டிருக்கும், யாரும் கவனிப்பதில்லை. அதை டாக்டரைக் கேட்டு அதற்கேற்பக் குறைத்தாலே பாதி பேதி நிற்கும்.

மிச்சத்துக்கு ஓஆர்எஸ். பொட்டலம் இல்லையென்றால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, அதனால் குவித்து அள்ளாதீர்கள். வாந்தி வந்தால் 10 நிமிடம் விட்டு ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். ஒரே மூச்சில் ஒரு டம்ளர் குடித்தால் அப்படியே வெளியே வரும்.

லோபரமைடு 2 மி.கி.: முதலில் 2 மாத்திரை, பிறகு ஒவ்வொரு தண்ணிப் பேதிக்கும் 1 மாத்திரை, டாக்டர் சொல்லாமல் நாளைக்கு 4 மாத்திரைக்கு மேல் கூடாது. காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் போடவே வேண்டாம். இந்த 4 என்ற எல்லையை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. லோபரமைடும் ஓபியாய்டு வகைதான், வழக்கமான அளவில் குடலோடு நின்றுவிடும், மூளைக்குப் போகாது. கைநிறைய விழுங்கினால் விலகல் நிற்கும் என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. அந்த அளவில் அது இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைக்கும், இறந்தவர்கள் இருக்கிறார்கள். 2016இல் இதற்கும் எச்சரிக்கை வந்தது.

உடம்பு வலிக்கு பாராசிட்டமால் போதும், மற்ற மாத்திரைகளில் இருப்பதையும் சேர்த்து நாளைக்கு 4 கிராமுக்குள். டிரமடாலோடு பாராசிட்டமால் 325 மி.கி. சேர்ந்து வரும் மாத்திரைகள் உண்டு, அட்டையைப் படித்துவிட்டுக் கணக்கிடுங்கள். ஐபுப்ரோஃபென் நல்ல மருந்துதான், ஆனால் பேதியில் உடம்பு வற்றிக் கிடக்கும் நாளில் கிட்னியைப் பதம் பார்க்கும். பேதி நின்ற பிறகு சாப்பிட்டுவிட்டுப் போடலாம். வயிற்றுப்புண், கிட்னிக் கோளாறு, ரத்தம் உறையாமலிருக்க மருந்து, இதில் எது இருந்தாலும் வேண்டாம்.

வாசற்படி:

இருவருக்கும் நன்றி. மாதம் ஒரு படி, 25 மி.கி. என்றால் 12 படி. ஒரு வருடம் ஆகுமே! கொஞ்சம் வேகமாக முடியாதா? இன்னொன்றைச் சொல்ல விட்டுவிட்டேன்: தூக்கத்துக்கு என்று ஆறு மாதமாக அல்பிரசோலம் 0.5 மி.கி. ராத்திரி போடுகிறார். இதையும் சேர்த்தே குறைத்துவிடலாமா? ஜலதோஷம் மாதிரி இருப்பதால் இருமல் சிரப் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறோம்.

கறார்க்காரன்:

அல்பிரசோலத்தை முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும், கணக்கே மாறுகிறது.

இரண்டையும் ஒன்றாகக் குறைக்கக் கூடாது. ஓபியாய்டு விலகல் ஆளைப் புரட்டிப் போடும், ஆனால் உடம்பு வற்றாமல் பார்த்துக்கொண்டால் உயிரை எடுப்பது அரிது. அல்பிரசோலம் வகையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், அது உயிரை எடுக்கும். டிரமடாலோ தன் பங்குக்கு வலிப்பு வரும் வாசலைத் தாழ்த்தி வைக்கிற மருந்து, அதனால்தான் நாளைக்கு 400 மி.கி. என்று உச்ச வரம்பு. டிரமடால் உடம்பில் இருக்கும்போது அல்பிரசோலத்தை உருவினால் இரண்டும் ஒரே பக்கம் தள்ளும். வழக்கமாக டாக்டர்கள் ஓபியாய்டை முதலில் இறக்கி, இதை அப்படியே வைத்திருந்து, பிறகு இதற்குத் தனி அட்டவணை போடுவார்கள். எது முதலில் என்பதை அவரே சொல்லட்டும். அதுவரை 0.5 என்பது 0.5 ஆகவே இருக்கட்டும், தூக்கம் வராத ராத்திரியில் 1 ஆகக் கூடாது. ஓபியாய்டும் இதுவும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும், அதன் மேல் மதுவும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். கால் குடைச்சலுக்கு எழுதும் கபாபென்டின், பிரிகாபலினும் இதே வரிசைதான். டாக்டர் எல்லாவற்றையும் தெரிந்து எழுதினால் சரி, பக்கத்து வீட்டுக்காரர் மிச்சம் வைத்ததை வாங்கிப் போட்டால் சரியில்லை.

இருமல் சிரப் அட்டையில் டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதைத் தொடாதீர்கள். டிரமடாலோடு சேர்ந்தால் செரட்டோனின் அளவு மீறி, காய்ச்சல், கை கால் துள்ளல், குழப்பம் என்று போகும். கோடீன் இருந்தால் அது இன்னொரு ஓபியாய்டு, குறைத்ததெல்லாம் பின்வாசல் வழியே உள்ளே வரும். அதுபோக, அவருக்கு இருப்பது ஜலதோஷமே இல்லை, மூக்கு ஒழுகுவது விலகல்தான். உப்புநீரும் கைக்குட்டையும் போதும்.

நடுவில் மனச்சோர்வுக்கு யாராவது ஃபுளுவாக்ஸெட்டினோ பராக்ஸெட்டினோ எழுதினால், டிரமடால் ஓடுகிறது என்று சொல்லுங்கள். செரட்டோனின் சிக்கல் ஒருபுறம். மறுபுறம், டிரமடாலை வீரியமான வடிவமாக மாற்றும் ஈரல் நொதியை இவை அடைத்துவிடும், அளவைக் குறைக்காமலேயே குறைத்த மாதிரி விலகல் தொடங்கிவிடும்.

இதில் எதைக் கண்டாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு அவசர சிகிச்சைக்குப் போங்கள்: வலிப்பு, ஆள் குழம்பிப் பேசுவது, மயங்கி விழுவது, நெஞ்சு வலி, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட வயிற்றில் தங்காதது, 8 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, சாகலாம் போலிருக்கிறது என்ற பேச்சு. கடைசியில் சொன்னதை "புலம்புகிறார்" என்று தள்ளிவிடாதீர்கள்.

இதைப் படிக்கும் வேறு யாராவது கர்ப்பமாக இருந்தால் மேலே உள்ள அட்டவணை எதுவும் உங்களுக்கு இல்லை. விலகலே கருவைப் பாதிக்கலாம். மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பு இல்லாமல் அரை மாத்திரைகூடக் குறைக்க வேண்டாம்.

நாவடி:

வேகம் பற்றிய கேள்விக்கு: இரண்டு வாரத்துக்கு ஒரு படி தாங்குகிறவர்களும் உண்டு, குறிப்பாக மேல் பாதியில். 300லிருந்து 200 வரை அப்படிப் போய்ப் பார்த்து, தாங்காவிட்டால் மாதத்துக்கு ஒன்றாக மாற்றலாம் என்று டாக்டரிடம் பேசலாம். ஆனால் கரண்ட் உணர்வும் பீதியும் வந்த ஆளுக்கு நான் அவசரப்பட மாட்டேன். ஒரு வருடம் என்றால் மலைப்பாகத்தான் இருக்கும். நாலு முறை வேகமாக நிறுத்தி நாலு முறையும் 3ஆம் நாள் திரும்பினால் அதுவும் ஒரு வருடம்தான்.

இந்த வழி பல முறை தோற்றால், அல்லது மருந்தின் மேல் கட்டுப்பாடே போய்விட்டால், அடுத்தது புப்ரினார்ஃபின், அதுவும் ஓர் ஓபியாய்டுதான். "ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிப்பதா" என்று கேட்பார்கள். அது ஏற்பியில் இறுகப் பிடிக்கும், ஆனால் பாதி அளவுக்கே தூண்டும். போதை ஏறாமல் விலகல் மட்டும் நிற்கும், மூச்சை அமுக்குவதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. அல்பிரசோலமோ மதுவோ சேர்ந்தால் அந்த வரம்பை நம்ப முடியாது.

சொதப்புவது தொடக்கத்தில்தான். இறுகப் பிடிக்கும் மருந்து என்பதால், பழைய ஓபியாய்டு இன்னும் ஏற்பியில் இருக்கும்போது போட்டால் அதைத் தள்ளிவிட்டு உட்காரும். இரண்டு நாளில் வர வேண்டிய விலகல் அரை மணி, ஒரு மணி நேரத்தில் மொத்தமாக இடியாக இறங்கும். அதனால் சாதா மாத்திரைக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரம் காத்திருந்து, விலகல் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் முதல் வேளை, வழக்கமாக 2 அல்லது 4 மி.கி. கண்ணுக்கு என்றால் நிஜமாகவே கண்ணுக்கு: கண்ணின் கருமணி விரிந்திருக்க வேண்டும், கையில் மயிர் சிலிர்த்து நிற்க வேண்டும், கொட்டாவி அடிக்கடி வர வேண்டும். "கஷ்டமாக இருக்கிறது" என்பது மட்டும் போதாது. மருத்துவமனைகளில் காவ்ஸ் என்ற 11 அம்ச மதிப்பெண் அட்டை வைத்துப் பார்ப்பார்கள், 8க்கு மேல், பலர் 12க்கு மேல் வந்தால்தான் தொடங்குவார்கள். மெத்தடோன் என்ற நீண்ட நேரம் நிற்கும் ஓபியாய்டிலிருந்து மாறினால் காத்திருப்பு இன்னும் நீளும்.

மாத்திரை நாக்குக்கு அடியில் முழுதாகக் கரைய வேண்டும், 5 முதல் 10 நிமிடம். விழுங்கினால் ஈரல் பெரும்பகுதியை அழித்துவிடும். அதுவரை பேச்சு, தண்ணீர், சிகரெட் எதுவும் கூடாது. நாக்கு வறண்டிருந்தால் முன்னதாக ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம். கரைந்த பிறகு வாயைத் தண்ணீரில் அலசி விழுங்கிவிட்டு, பல் தேய்க்க ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். இது பல்லை அரிப்பதாக 2022இல் எச்சரிக்கை வந்தது, பலருக்கு யாரும் சொல்வதில்லை.

வாசற்படி:

சிரப்பைப் பார்த்தேன், டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன் இருக்கிறது. எடுத்து வைத்துவிட்டேன். டாக்டரிடம் அல்பிரசோலத்தையும் சொல்லி அட்டவணை வாங்குகிறோம். ஒரே ஒரு கேள்வி: கடைசி 50 மி.கி.யிலிருந்து சைபருக்கு எப்படி இறங்குவது? எல்லாரும் அங்கேதான் தடுக்கி விழுகிறார்களாமே?

மாத்திரைக்கணக்கு:

ஆமாம், அதற்குக் காரணம் கணக்குதான். 300இல் 25 குறைத்தால் 8 சதவீதம். 100இல் அதே 25 கால்வாசி. 50இல் பாதி. எண் மாறவில்லை, உடம்புக்கு அடி மட்டும் பெரிதாகிக்கொண்டே போகிறது. அதனால் 100க்குக் கீழே போனதும் படியைச் சிறிதாக்க வேண்டும். சொட்டு மருந்தாகவோ திரவமாகவோ கிடைத்தால் அந்தக் கட்டத்தில் மாறிக்கொள்ளலாம், ஊசி இல்லாத சிரிஞ்சால் மி.லி. கணக்கில் அளந்து கொடுக்கலாம். ஒரு மி.லி.யில் எத்தனை மி.கி. என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், முதல் தடவை மருந்தாளுநரையே அளந்து காட்டச் சொல்லுங்கள். திரவம் இல்லையென்றால் 25 மி.கி. அரை மாத்திரைகளை வைத்துக்கொண்டு, இப்போது இடைவெளியை நீட்டலாம். 12 மணி நேரத்துக்கு ஒன்று என்பது 18 மணி நேரத்துக்கு ஒன்று, பிறகு 24 மணி நேரத்துக்கு ஒன்று. நாளைக்கு ஒன்றுக்கும் குறைவாக வந்துவிட்டால் நிறுத்திவிடலாம்.

இந்தக் கட்டத்தில் பழைய முதுகு வலி திரும்பிவிட்டது என்று தோன்றும். விலகலும் வலியைத் தரும். பழைய இடத்தில் மட்டும் வலித்தால் ஒன்று, உடம்பு முழுக்கக் குளிர்காய்ச்சல் மாதிரி குடைந்து, ஒரு வாரத்தில் தணிந்தால் இன்னொன்று. தினமும் வலிக்கு 10க்கு எவ்வளவு, எங்கே என்று ஒரு வரி எழுதி வைத்தால் டாக்டர் பார்த்ததும் பிரித்துவிடுவார்.

கீழே இறங்க இறங்க உடம்பு பழைய அளவை மறந்துவிடும். 50க்கு வந்த ஆள் ஒரு மோசமான ராத்திரியில் பழைய ஞாபகத்தில் வேளைக்கு 100, 150 என்று போட்டால், அல்பிரசோலமும் கூட இருக்கும்போது, மூச்சு நிற்கலாம். பழைய கேப்ஸ்யூல் அட்டைகள் வீட்டில் இருக்கக் கூடாது, மருந்துக்கடை திரும்ப வாங்கிக்கொண்டால் அங்கே கொடுத்துவிடுங்கள். இருக்கும் மாத்திரையை வாரத்துக்கு வாரம் நீங்கள் எண்ணிக் கொடுங்கள். நலோக்சோன் (ஓபியாய்டை முறிக்கும் மருந்து) மூக்கு ஸ்பிரே கிடைக்கும் இடமாக இருந்தால் ஒன்று வாங்கி, அண்ணனுக்கு அல்ல, கூட இருப்பவர்களுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள். ஆளை உலுக்கினாலும் எழவில்லை, மூச்சு மிக மெதுவாக அல்லது கொர கொரவென்று வருகிறது, உதடு நீலம், இப்படி இருந்தால் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு ஒரு மூக்கில் ஒரு ஸ்பிரே. 2, 3 நிமிடத்தில் மாற்றமில்லை என்றால் மற்ற மூக்கில் இரண்டாவது. மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எழுந்துவிட்டாலும் தனியாக விடாதீர்கள். நலோக்சோனின் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் தீர்ந்துவிடும், உள்ளே இருக்கும் டிரமடால் அதற்குப் பிறகும் இருக்கும். அல்பிரசோலத்தை அது முறிக்காது, ஆகவே ஆம்புலன்ஸ் வந்தே ஆக வேண்டும்.